வெங்காயத் தோலும் திறந்த நிரலும்: டோர் மென்பொருளின் தொடக்ககால மாற்றங்கள்

என் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பைக் கேட்ட நண்பர்களில் பாதிப் பேர், "அது தப்பான வேலைக்குப் பயன்படுத்துறதாச்சே!" என்றார்கள். மீதிப் பேர், "அது இருந்தா நம்மள யாரும் கண்டுபிடிக்கவே முடியாதாமே!" என்றார்கள். இரண்டு கருத்துகளும் முழு உண்மை ஆகா. இணையத்தில் நம் வழித்தடத்தை மறைக்க உதவும் 'டோர்' என்ற திறமூல மென்பொருள் எப்படிப் பிறந்தது, தொடக்க ஆண்டுகளில் அதில் என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன, ஏன் செய்யப்பட்டன என்பதை நாம் பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அறிவியலைத் தமிழில் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிற்று. குறை இருந்தால் பொறுத்தருள்க.

ஒரு வாடகை வீட்டில்

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் ஆண்டில் நாங்கள் ஐவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இணையத் தொடர்பு வீட்டுக்காரருடையது. எங்களில் மூத்தவரான ஓர் அண்ணன், தமக்கு இருந்த ஒரு நோயைப் பற்றி இரவில் அறைக்குள் அமர்ந்து தேடிப் படித்து வந்தார். ஒருநாள் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர், எங்கள் எல்லாருடைய முன்னிலையிலும், "தம்பி, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா? நீங்க பாக்குற பக்கத்துப் பேரெல்லாம் என் பெட்டியில தெரியுது" என்று கேட்டுவிட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். ஆனால், அண்ணன் அன்று இரவு சாப்பிட வரவில்லை.

இன்றைய இணையத்தளங்களில் பெரும்பாலானவை நாம் அனுப்பும் செய்தியை மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன. என்றாலும் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வழியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியும். உறை ஒட்டியிருக்கிறது, மேலே முகவரி தெரிகிறது. அந்த முகவரியை மறைப்பது எப்படி? இதுவே டோர் எடுத்துக்கொண்ட சிக்கல்.

வெங்காயம் எங்கிருந்து வந்தது?

டேவிட் சாம் என்ற அறிஞர் 1981ஆம் ஆண்டிலேயே, மின்னஞ்சலைப் பல இடைக்கணினிகள் வழியாகக் கலந்து அனுப்பும் முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகிய மூவரும் உடனுக்குடன் நடக்கும் இணையத் தொடர்புக்கு ஏற்ற ஒரு முறையை வடிவமைத்தனர். அதற்கு 'வெங்காய வழியமைப்பு' என்று பெயர். டோர் என்ற பெயரும் அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததே.

இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். நீங்கள் ஜொகூரில் உள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதை ஓர் உறையில் இட்டு, அந்த உறையை இன்னோர் உறையில் இட்டு, அதையும் மூன்றாவது உறையில் இட்டு ஈப்போவில் உள்ள ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் வெளியுறையைப் பிரித்தால் உள்ளே கிள்ளான் முகவரி. கிள்ளான்காரர் பிரித்தால் சிரம்பான் முகவரி. சிரம்பான்காரர் பிரித்தால்தான் ஜொகூர் முகவரி தெரியும். ஈப்போக்காரருக்கு உங்களைத் தெரியும். கடிதம் யாருக்கு என்று தெரியாது. சிரம்பான்காரருக்குப் போய்ச் சேரும் இடம் தெரியும். அனுப்பியவர் யாரென்று தெரியாது. வெங்காயத்தின் தோல் உரிவதைப் போல ஒவ்வொருவரும் ஓர் அடுக்கை மட்டும் உரிக்கிறார். இப்படி இடையில் நிற்கும் கணினியைக் 'கணு' என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

இரண்டாம் தலைமுறையில் மாறியவை

கடற்படை ஆய்வுக்கூடத்தின் முதல் தலைமுறை வலையமைப்பு பரவலாக நிலைக்கவில்லை. நெடுநாள் ஓடிய பொதுச் சேவை ஒரே ஒரு கணினியில் இயங்கிய மாதிரிதான். அதற்கே 60,000க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளிலிருந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 இணைப்புகள் வந்தன. 2002ஆம் ஆண்டில் ரோஜர் டிங்கில்டைன் புதிய நிரலை எழுதத் தொடங்கினார். பிறகு நிக் மேத்யூசனும் சேர்ந்தார். 2003 அக்டோபரில் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. நிரலும் கட்டற்ற உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2004 மே மாத நடுவில் மொத்தம் 32 கணுக்கள்: அமெரிக்காவில் 24, ஐரோப்பாவில் 8.

கடற்படை ஏன் இதை ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டும்? கடற்படை மட்டுமே பயன்படுத்தும் வலையமைப்பிலிருந்து ஓர் இணைப்பு வந்தால், 'இது கடற்படை' என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கூட்டம் இருந்தால்தான் ஒருவர் மறைய முடியும். மாணவர், செய்தியாளர், வணிகர், நோயாளி எல்லாரும் சேர்ந்தால்தான் அது மறைவிடம் ஆகும்.

2004 ஆகஸ்டில் வெளிவந்த வடிவமைப்புக் கட்டுரை பழைய முறையிலிருந்து மாறிய பலவற்றைப் பட்டியலிடுகிறது. முக்கியமான மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வழியமைக்கும் முறை. பழைய முறையில் எல்லா அடுக்குகளையும் ஒரே நேரத்தில் கட்டி ஒரு 'வெங்காயமாக' அனுப்பினார்கள். அதை ஒருவர் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பின்னாளில் கணுக்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றினால், பழைய செய்தியையும் பிரித்துவிடலாம். டோர், தொலைநோக்கியை இழுத்து நீட்டுவது போல வழியைப் படிப்படியாக நீட்டியது. முதல் கணுவோடு ஒரு தற்காலிகச் சாவி, அதன் வழியாக இரண்டாம் கணுவோடு வேறொரு சாவி, அப்புறம் மூன்றாவது. வேலை முடிந்ததும் சாவிகள் அழிக்கப்படும். பிறகு கணுவைப் பிடித்தாலும் பழைய செய்தியைத் திறக்க அங்கே சாவி இருக்காது.

இரண்டாவது, செயலிகளோடு பேசும் முறை. முன்பு ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனி இடைநிரல் எழுத வேண்டியிருந்தது. பல எழுதப்படவே இல்லை. டோர், ஏற்கெனவே பல செயலிகள் அறிந்திருந்த 'சாக்ஸ்' என்ற பொது வழக்கத்தை எடுத்துக்கொண்டது.

மூன்றாவது மாற்றம், கூட்டியது அன்று, குறைத்தது. பழைய வடிவமைப்பில் செய்திகளைத் தேக்கி, வரிசை மாற்றி, வெற்றுச் செய்திகளையும் கலந்து அனுப்பும் எண்ணம் இருந்தது. அதற்குச் செலவு அதிகம், தாமதமும் அதிகம். ஆகவே கைவிட்டார்கள். விளைவு என்ன? வழியின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே நேரத்தில் கவனிப்பவர், நேரத்தை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆக்கியோர் இதை ஒளிக்காமல் கட்டுரையிலேயே எழுதினார்கள். தொடக்ககாலத்தில் டோரை இயக்கினால், 'இது சோதனை மென்பொருள். வலுவான மறைப்புக்கு இதை நம்பாதீர்' என்ற பொருள்படும் எச்சரிக்கை திரையில் வரும். தன் பொருளைத் தானே நம்பாதே என்று சொல்லும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

நான்கு நாளில் இரண்டு திருத்தம்

ஒவ்வொரு பதிப்போடும் 'மாற்றக் குறிப்பேடு' ஒன்று வரும். என்ன மாறியது, எது பழுது என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். அதைப் படித்தபோது என்னை நிறுத்திய இடம் 2005 ஆகஸ்டு. ஆகஸ்டு 4ஆம் நாள் 0.1.0.13 பதிப்பு, சாவி பரிமாற்றத்தில் இருந்த கடுமையான பழுதைத் திருத்தியது. ஆகஸ்டு 8ஆம் நாள் 0.1.0.14 வந்தது. எதற்கு? அதே பழுதின் மறுபாதியைத் திருத்துவதற்கு.

பழுது இதுதான். இருவர் சாவி உருவாக்கும்போது ஒருவர் அனுப்பும் எண்ணை மற்றவர் தம் இரகசிய எண்ணால் அடுக்கு உயர்த்துகிறார். எதிர்ப்பக்கம் 1 என்ற எண்ணை அனுப்பினால்? ஒன்றை எத்தனை முறை ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றுதான். இரகசியச் சாவி ஊரறிந்த சாவி ஆகிவிடும். இப்படிப்பட்ட எண்களை நிரல் தள்ளுபடி செய்யாமல் விட்டிருந்தது. எனவே, தீய நோக்கமுள்ள முதல் கணு, அடுத்த கணுக்களாகத் தானே நடித்து எல்லா அடுக்குகளையும் உரித்துவிட முடியும். ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் படித்த உண்மை, ஒரு வலையமைப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

காவல் கணுவும் வாக்கெடுப்பும்

2006ஆம் ஆண்டில் நிலைப்பதிப்பான 0.1.1 தொடரில் 'காவல் கணு' வந்தது. நூறில் பத்துக் கணுக்கள் தீயவர் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வழியின் முதல் கணுவும் கடைசிக் கணுவும் அவர்களுடையதாக அமையும் வாய்ப்பு நூறில் ஒன்று. குறைவுதான். ஆனால், நாம் புதிய வழிகளை அமைத்துக்கொண்டே இருக்கிறோம். நூறு வழிகள் அமைத்தால், ஒருமுறையாவது மாட்டும் வாய்ப்பு 63 விழுக்காடு! மாறாக, முதல் கணுவாக ஒன்றையே நெடுநாள் வைத்துக்கொண்டால், நூறில் தொண்ணூறு பேர் நல்ல கணுவைப் பெற்று இந்தத் தாக்குதலிலிருந்து தப்புவார்கள். அடிக்கடி மாற்றுவதே பாதுகாப்பு என்று நாம் நினைப்போம். இங்கே மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

அடுத்து, கணுக்களின் பட்டியலை யார் தருவது? முதலில் சில நம்பகக் கணினிகள் தனித்தனியே பட்டியல் தந்தன. அவற்றில் ஒன்று பொய் சொன்னாலும் பயனர் ஏமாறுவார். அடுத்த முறையில் பயனரின் கணினி பல பட்டியல்களை வாங்கிப் பெரும்பான்மையைப் பார்த்தது. 2008இல் நிலைப்பதிப்பான 0.2.0 தொடரில், அந்தக் கணினிகளே தங்களுக்குள் வாக்கெடுத்து, பெரும்பான்மை கையொப்பமிட்ட ஒரே பட்டியலை வெளியிடத் தொடங்கின.

அந்த மாற்றத்துக்கு உடனே சோதனை வந்தது. டெபியன் இயங்குதளத்தில் 2006ஆம் ஆண்டு மறையாக்க நிரலிலிருந்து யாரோ சில வரிகளை நீக்கியிருந்தார்கள். நினைவகத்தைச் சோதிக்கும் கருவி அவற்றைக் குறை சொன்னது என்பதுதான் காரணம். அதனால், எண்ணிலடங்காத சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32,000 சாவிகள் மட்டுமே பிறந்தன. 2008 மே மாதம் இது வெளிவந்தபோது, வாக்களிக்கும் ஆறு கணினிகளில் மூன்றின் சாவிகள் இந்த வகை. ஆறில் பெரும்பான்மைக்கு நான்கு வேண்டும். ஒன்றே ஒன்று குறைந்ததால் பட்டியல் தப்பியது. பழுதான சாவிகள் மாற்றப்பட்டு, உடனே புதிய பதிப்பும் வந்தது.

என் குறிப்பேடு

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கேட்ட மறுநாளே அண்ணனின் மடிக்கணினியில் டோர் உலாவியை நிறுவி, "இனி கவலையே வேண்டாம் அண்ணே" என்றேன். அவரும் நம்பினார். அதன் வழியாகவே ஒரு நோயாளிகள் ஆதரவுத் தளத்தில், தம் சொந்தப் பெயரையும் பல்கலைக்கழக மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிந்துகொண்டார். சில வாரங்கள் கழித்து ஒரு குழுப் படைப்பின் நடுவே, அந்தத் தளத்தின் பெயரோடு மின்னஞ்சல் அறிவிப்பு பெரிய திரையில் வந்து நின்றது.

மூன்று கணுக்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. டோர் வழியை மறைக்கும். நாமே எழுதிக் கொடுக்கும் பெயரை மறைக்காது. கடைசிக் கணுவைத் தாண்டி மறையாக்கம் இல்லாமல் போகும் செய்தியையும் அது காக்காது. இதெல்லாம் அந்த மென்பொருளின் குறிப்புகளில் எழுதியிருந்தது. அண்ணனுக்கு நான் சொன்னது பாதி. மறுபாதியைச் சொல்ல டோர்காரர்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. போன மாதம் மாமாக் கடையில் அமர்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது சொன்னியே, எழுது. என் பேரை மட்டும் போடாதே" என்றார். அந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, இந்த மென்பொருளைத் தவறாகப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால், மறைவு என்பது குற்றவாளிக்கு மட்டும் தேவைப்படும் ஒன்றன்று. நோயாளிக்குத் தேவை, தனியாக அழ விரும்புபவருக்கும் தேவை. டோரை நான் மதிப்பது அது பழுதற்றது என்பதால் அன்று. தன் பழுதைத் தேதியோடும் எண்ணோடும் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருப்பதால்தான். நம்மில் நிரல் எழுதுவோர் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். நிரல் எழுதாதோரும் கற்றுக்கொள்ளலாம்.