சொல்வழி நின்ற இசை: ஹைன்ரிக் ஷூட்ஸ்

ஜெர்மானியச் சமய இசை என்றதும் பாக் என்னும் பெயரே பலர் நினைவுக்கு வரும். அவர் பிறந்தது 1685ஆம் ஆண்டு. அதற்குச் சரியாக நூறாண்டுகட்கு முன், 1585இல் பிறந்தவர் ஹைன்ரிக் ஷூட்ஸ். அந்நாட்டுக் குழுப்பாடல் மரபில் அவருக்குரிய இடம் யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஷூட்ஸின் தந்தையார் விடுதி நடத்தியவர். அங்குத் தங்கிய ஹெஸ்ஸெ-காசெல் சிற்றரசர் மோரிட்ஸ், சிறுவனின் குரல்வளத்தைக் கேட்டு வியந்து, தம் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். 1609இல் அவருதவியால் வெனிஸ் சென்ற ஷூட்ஸ், ஜொவான்னி கேப்ரியெலியிடம் பயின்றார். தேவாலயத்தில் தனித்தனியே நிற்கும் பாடகர் குழுக்கள் வினாவும் விடையும்போல மாறிமாறிப் பாடும் முறை அங்குச் சிறந்திருந்தது. அதனைக் கொணர்ந்து லூத்தரின் ஜெர்மன் விவிலிய மொழிக்கு இயைத்ததே 1619இல் வெளிவந்த 'தாவீதின் சங்கீதங்கள்'.

இத்தாலிய இசையை அவர் படியெடுத்தாரில்லை. ஜெர்மன் சொல்லில் அழுத்தம் விழுமிடத்திலேயே இசையும் அழுந்துகிறது. தொடர் முடியுமிடத்தில் மூச்சு வாங்குகிறது. யாப்புக் கற்றார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சீரைச் சிதைத்துப் பாடக் கேட்டு முகஞ்சுளித்தவர் தாமே நாம்!

1618இல் மூண்ட முப்பதாண்டுப் போர், அவர் பொறுப்பிலிருந்த டிரெஸ்டன் அரசவை இசைக்குழுவைச் சீர்குலைத்தது. பாடகர் குறைந்தனர்; ஊதியமும் தடைப்பட்டது. ஷூட்ஸ் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இருப்பவர்க்கு ஏற்ப எழுதினார். 1636, 1639ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'சிறு சமய இசைக்கோவைகள்' பெரும்பாலும் ஒருவர் முதல் ஐவர் வரையிலான குரல்கட்கும், அவற்றைத் தாங்கும் ஆர்கன் போன்ற ஒரு துணையிசைக்கும் உரியவை. வறுமையில் விளைந்த இச்சிறு பாடல்களையே அவருடைய பெரும்படைப்புகளினும் மேலாக நாம் மதிக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் இவற்றில் தெளிவாகக் கேட்கிறது.

போர் முடிந்த 1648ஆம் ஆண்டில் 29 பாடல்கள் கொண்ட 'சமயக் குழுவிசை' வெளிவந்தது. துணையிசையை நம்பாது குரல்களைப் பின்னும் பழைய முறையை இளைஞர் முதலில் கற்கவேண்டும், அஃதில்லாத இசை பருப்பற்ற கொட்டையை ஒக்கும் என அதன் முன்னுரையில் கடிந்துரைத்தார். (ஆசிரியர் குரல் எந்நாட்டிலும் ஒன்றே போலும்!) அந்நூலை லைப்சிக் நகருக்கும் அங்குள்ள புனித தோமா பாடகர் குழுவுக்கும் உரித்தாக்கினார். 75 ஆண்டுகட்குப்பின், 1723இல், அக்குழுவுக்கே பாக் பொறுப்பேற்றார்.

இருவரும் மத்தேயு நற்செய்தியின் திருப்பாடுகளுக்கு இசையமைத்துள்ளனர். பாக்கின் படைப்பில் இரு பாடகர் குழுக்களும் இரு கருவியிசைக் குழுக்களும் உண்டு. எண்பது வயதையொட்டி ஷூட்ஸ் இயற்றியதிலோ கருவி ஒன்றேனும் இல்லை. மனிதக் குரல் மட்டுமே உண்டு.