நாற்பத்தொன்பதுக்கு எதிரே ஒன்று

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பது ஒருவரைத் தேர்ந்தெடுக்க, ஒன்று மட்டும் "எமக்கு வேண்டாம்" என்றது. அது மாசசூசெட்ஸ். நாள், 1972 நவம்பர் 7.

அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மாநிலந்தோறும் வாக்குகள் எண்ணப்படுகின்றன. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேர்வர். மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் வெற்றி. நிக்ஸன் 520 பெற்றார். மெக்கவர்னுக்குக் கிடைத்தவை 17: மாசசூசெட்ஸின் 14, தலைநகர் வாஷிங்டனின் 3. அவரது சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவே அவரைக் கைவிட்டது! 1984-இல் மின்னசோட்டாவும் இவ்வாறு தனித்து நின்றது. ஆனால் அது தன் மைந்தர் மாண்டேலுக்காக நின்றது. மாசசூசெட்ஸுக்கு அந்த உறவும் இல்லை.

பின் ஏன்? வியட்நாம் போர்தான் முதற் காரணமென நாம் கருதுகிறோம். பல்கலைக்கழகங்கள் நிறைந்த மாநிலம் அது. பதினெட்டு வயதினர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடெங்கும் வாக்களித்ததும் அவ்வாண்டில்தான். அதற்கும் முன்பே, 1970-இல், முறைப்படி அறிவிக்கப்படாத போருக்குச் செல்ல எம் மாநிலத்தார் மறுக்கலாம் என்று அம்மாநிலச் சட்டமன்றம் சட்டமே இயற்றியது. உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. நீதிமன்றத்தில் சொல்ல இயலாததை மக்கள் வாக்குப்பெட்டியில் சொன்னார்கள் போலும். எனினும் எல்லாரும் ஒரே மனத்தினர் என்று எண்ணிவிடக் கூடாது. நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் அங்கும் நிக்ஸனுக்கே வாக்களித்தனர்.

கட்சி வெறுப்பும் இதற்குக் காரணமன்று. அதே நாளில் அதே மக்கள், நிக்ஸனின் கட்சியைச் சேர்ந்த எட்வர்டு புரூக் என்ற கறுப்பினத்தவரைப் பெரும் வாக்கு வேறுபாட்டில் மீண்டும் செனட் சபைக்கு அனுப்பினர். ஆளைப் பார்த்து வாக்களித்தார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அந்த ஜூன் மாதமே வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துள் புகுந்தோர் பிடிபட்டிருந்தனர். வாக்காளர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. உண்மை மெல்ல மெல்ல வெளியாயிற்று. 1973 நவம்பரில், நிக்ஸன் பதவி விலக வேண்டும் என்று அவரது கட்சி செனட்டர்களுள் முதன்முதலாகக் கேட்டவர் அந்தப் புரூக்தான். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்ஸன் விலகினார். "எம்மேல் பழி போடாதீர், நாங்கள் மாசசூசெட்ஸ்காரர்" என்னும் பொருள்பட எழுதிய ஒட்டுத்தாள்கள் அக்காலத்தில் அம்மாநிலத்துக் கார்களின் பின்புறத்தில் காணப்பட்டன.