ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் உணவும் – ஒரு தாயின் அனுபவம்

"பசி ருசி அறியாது" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஆனால், ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது பொருந்துவதில்லை. இதை என் மகனை வளர்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஐந்து வயதில் அவன் சாப்பிட்டவை ஐந்தே ஐந்து: ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டி, மஞ்சள் பொட்டலத்தில் வரும் உப்பு பிஸ்கட், குழம்பு படாத வெறும் சோறு, முறுகலான தோசை, பால். பொட்டலத்தின் நிறம் மாறினால் பிஸ்கட்டைத் தொடமாட்டான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்றனர் உறவினர்கள். "ஒரு நாள் பட்டினி போடு, தானாகச் சாப்பிடுவான்" என்றார் என் மாமியார். போட்டுப் பார்த்தேன். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, மறுநாள் சோர்ந்து படுத்துவிட்டான்.

அதன்பின் நான் செய்த தவறு அதைவிடப் பெரியது. கேரட்டை வேகவைத்து அரைத்து, அவனுக்குத் தெரியாமல் தோசை மாவில் கலந்தேன். ஒரு வாய் வைத்தான், துப்பினான். அன்று முதல் நான்கு மாதங்கள் தோசையையே தொடவில்லை. ஐந்து, நான்காயிற்று.

பிடிவாதம் அன்று

1943ஆம் ஆண்டில் ஆட்டிசத்தை விரிவாக விளக்கி எழுதிய அமெரிக்க மருத்துவர் லியோ கேனர், தாம் கவனித்த 11 குழந்தைகளில் பலருக்கு உணவுச் சிக்கல் இருந்ததை அப்போதே குறிப்பிட்டிருக்கிறார். புலன்களின் உணர்ச்சி அளவுக்கு மிகுந்தோ குறைந்தோ இருப்பது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்று. நமக்கு இதமாக இருக்கும் சாம்பார் மணம் இவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். குழைந்த கத்தரிக்காய் நாக்கில் பட்டால் உடலே கூசலாம். ஒரு பப்பாளி இனிக்கும், அடுத்தது சப்பென்றிருக்கும். பிஸ்கட்டோ என்றும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் அதை நம்புகிறார்கள். சிலருக்குப் பசி என்ற உணர்வே தெளிவாகத் தெரிவதில்லை.

முதலில் மருத்துவர்

பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் போன்றவற்றை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை, சாப்பிட மறுத்தே சொல்லும். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். என் மகனுக்கு இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிகம் குடித்தால் வயிறும் நிறைந்துவிடும். பழமும் காய்கறியும் அறவே உண்ணாத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து, கால்வலியால் நடக்க மறுக்கும் அளவுக்கு ஸ்கர்வி நோய் வந்ததும் உண்டு. சைவ உணவுக் குடும்பங்கள் வைட்டமின் பி12 அளவையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் போதிய சான்று இல்லை. உண்பதே நான்கு வகை என்னும்போது மூன்றைப் பறிப்பது ஆபத்து.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் காட்டினால், தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள்.

எங்களுக்கு உதவியவை

1. ஏமாற்றாதீர்கள். சேர்ப்பதைப் பிள்ளையின் கண்ணெதிரே சேருங்கள். தோசைக்குத் திரும்பியபின், மாவில் ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவை என் மகன் கையாலேயே போடவைத்தேன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது.

2. பிள்ளைக்குப் பிடித்த தன்மையைப் பற்றிக்கொண்டு செல்லுங்கள். இவனுக்குப் பிடித்தது மொறுமொறுப்பு. பிஸ்கட்டிலிருந்து அப்பளம், அப்பளத்திலிருந்து மெல்லியதாகச் சீவிப் பொரித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிறகு ஆப்பிள் துண்டு என்று படிப்படியாகச் சென்றோம்.

3. புதிய உணவைத் தனித் தட்டில் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது எல்லாமே முன்னேற்றம்தான். பத்து, பதினைந்து முறை வைத்த பிறகே வாய்க்குள் போகலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

4. உணவு நேரம் மாறாமல் இருக்கட்டும். இடையில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பாலின் அளவை மருத்துவரைக் கேட்டு முறைப்படுத்துங்கள்.

இரண்டு ஆண்டுகளில் நான்கு, பதினான்காயிற்று. சாம்பாரை இன்றும் தொடுவதில்லை. ஆனால் இரும்புச்சத்து சீராகிவிட்டது. என் மாமியாரே இப்போது அவனுக்குக் கேழ்வரகுத் தோசை சுடுகிறார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கோயில் அன்னதானப் பந்தியில், வாழையிலையைத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பிஸ்கட் தின்னும் ஒரு பிள்ளையை நீங்கள் காணலாம். அவன் உணவை அவமதிக்கவில்லை. தாயும் வளர்க்கத் தெரியாதவள் அல்லள். அத்தனை பேரின் இரைச்சலுக்கும் மணத்துக்கும் நடுவே அவன் வந்து உட்கார்ந்திருப்பதே பெரிய காரியம். கொஞ்சம் நகர்ந்து, அவனுக்கு இடம் கொடுங்கள்.