கூடம் கோணலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. தன் குறையை மறைப்பதற்காகக் கருவியின்மீது பழிபோடுவோரைப் பார்த்துப் பெரியோர் இவ்வாறு சொல்வர். ஆனால், சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. குறை ஆடுபவரிடம் இருந்தால் பயிற்சி தேவை. கூடத்தில் இருந்தால் அதைச் சீர்செய்யப் பணம் தேவை. இரண்டையும் பிரித்தறியாதவர் நேரத்தையோ பணத்தையோ வீணாக்க நேரிடும்.

பள்ளி ஒளிப்படக் கழகத்தில் சேர்ந்திருக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். தாய்மாமா தாம் முன்பு பயன்படுத்திய படக்கருவியை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அது 2006ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி40. ஓராண்டாக அவள் எடுத்த படங்களில் மூன்று மட்டும் அவள் மனத்தை உறுத்துகின்றன. தைப்பூசத்தன்று விடியலுக்கு முன் பத்துமலையில் எடுத்த காவடிப் படம் தெளிவின்றிக் கலங்கியிருக்கிறது. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் மீன்கொத்தி சிறகு விரித்து எழுந்த கணம் படத்தில் சிக்கவில்லை, வெறுங்கிளைதான் இருக்கிறது. நண்பகல் வெயில் பின்னால் இருக்க, வீட்டு வாசலில் நின்ற பாட்டியின் முகம் கரிய நிழலாகத் தெரிகிறது.

மூன்றுக்கும் பழைய கருவியே காரணம் என்று அவள் முடிவு செய்கிறாள். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி500 கருவியை வாங்கித் தரும்படி தன் அப்பாவிடம் கேட்கிறாள். அவர் மறுக்கவில்லை, இணங்கவும் இல்லை. “எந்தப் படம் கருவியால் கெட்டது, எந்தப் படம் உன்னால் கெட்டது என்று முதலில் சொல்லம்மா. பிறகு பார்க்கலாம்,” என்கிறார். அவருடைய கேள்விக்கு விடை காண, இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரு கருவிகளின் ஒற்றுமை

இரண்டும் டி.எஸ்.எல்.ஆர். வகையைச் சேர்ந்தவை. வில்லையின் வழியே நுழையும் ஒளியை உள்ளே இருக்கும் கண்ணாடி ஒன்று மேல்நோக்கித் திருப்பிக் கண்ணருகே கொண்டு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழ, மூடுதிரை திறந்து, ஒளி உணரியின்மீது விழுகிறது. இரண்டு கருவிகளின் உணரிகளும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. அகலம் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிக்கான் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய வில்லைப் பொருத்தியையே இரண்டும் கொண்டுள்ளன.

வேறுபாடு அவை யாருக்காக உருவாக்கப்பட்டன என்பதில் தொடங்குகிறது. டி40 தொடக்கநிலைப் பயனாளருக்கானது. அது வெளிவந்தபோது வில்லையுடன் சேர்த்து ஏறத்தாழ 600 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. டி500 தேர்ந்த படக்கலைஞருக்கானது. வில்லை இல்லாமலேயே அதன் விலை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலராக இருந்தது.

படப்புள்ளிகள்

கடையில் முதலில் கண்ணில் படுவது படப்புள்ளிகளின் எண்ணிக்கைதான். டி40இல் 6.1 மில்லியன் படப்புள்ளிகள், டி500இல் 20.9 மில்லியன். புதியது மூன்று மடங்குக்கும் மேல் சிறந்தது என்று தோன்றும். ஆனால், இந்த எண்ணிக்கை அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி வருவதாகும். டி40இன் படம் 3,008 புள்ளி அகலமும் 2,000 புள்ளி உயரமும் கொண்டது. டி500இன் படம் 5,568 புள்ளி அகலமும் 3,712 புள்ளி உயரமும் கொண்டது. ஆக, அகலத்திலும் உயரத்திலும் வேறுபாடு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை.

ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட்டால், டி40இன் படம் 10 அங்குல அகலம் வரும். பள்ளி இதழின் அரைப் பக்கத்திற்கு அது தாராளமாகப் போதும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும்போதுதான் கூடுதல் புள்ளிகள் கைகொடுக்கின்றன. தொலைவில் அமர்ந்த பறவைக்காகப் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால், டி40இல் எஞ்சுவது 1.5 மில்லியன் புள்ளிகள். டி500இலோ 5 மில்லியனுக்கு மேல் எஞ்சும். அது டி40இன் முழுப் படத்திற்குச் சற்றுத்தான் குறைவு.

காவடிப் படம்

இனி, கெட்டுப்போன படங்களைப் பார்க்கலாம். விடியலுக்கு முந்திய இருளில், தெருவிளக்கின் ஒளியில் காவடி ஆடி வருகிறது. இருளில் படம் பதிய மூன்று வழிகள் உள்ளன. மூடுதிரையைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம், வில்லையின் துளையைப் பெரிதாக்கலாம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறனை உயர்த்தலாம். முதல் வழி நிற்கும் பொருளுக்கே உதவும். ஆடும் காவடி அந்த நேரத்திற்குள் நகர்ந்துவிடுவதால் உருவம் கலங்கும்.

டி40இன் வழக்கமான ஒளியுணர்திறன் 1,600 வரை செல்லும். கூடுதல் அமைப்பாக 3,200க்கு உயர்த்தலாம். டி500இன் வழக்கமான எல்லையோ 51,200. எல்லையை நெருங்கும்போது எந்தக் கருவியிலும் படத்தின்மேல் மணலைத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். எனினும், இடைப்பட்ட பத்தாண்டுகளில் உணரியின் நுட்பம் வளர்ந்ததால், டி500 கூடிய ஒளியுணர்திறனிலும் பயன்படத்தக்க படத்தைத் தருகிறது. 1,600இல் மூடுதிரை ஒரு வினாடியில் 30இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், 12,800இல் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு நேரம் போதும். ஆடும் காவடி அதில் தெளிவாக நிற்கும்.

அப்படியானால் கூடம் கோணல்தானா? அவசரப்பட வேண்டியதில்லை, இரண்டாம் வழி ஒன்று இருக்கிறது. கருவியுடன் வந்த வில்லையை முழுதும் நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 அளவுக்குமேல் விரியாது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 வில்லை ஒன்றைப் பொருத்தினால், ஏறத்தாழ 10 மடங்கு ஒளி உள்ளே வரும். ஆக, பழைய கருவியிலேயே 250இல் ஒரு பங்கு வினாடியை எட்டிவிடலாம். இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த வில்லையில் தொலைவைக் கிட்டக் கொண்டுவர இயலாது; கால்தான் முன்னே நடக்க வேண்டும். பெரிய துளையில் தெளிவாகத் தெரியும் ஆழமும் குறைவு. முகம் தெளிவாக இருந்தால் பின்னால் வருபவர் மங்கலாகத் தெரிவார். ஆயினும், ஒரு வில்லைக்கு ஆகும் செலவு டி500க்கு ஆகும் செலவைவிடப் பன்மடங்கு குறைவு.

வில்லையைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும். டி40இன் உடலில் வில்லையை நகர்த்தும் மின்பொறி இல்லை. மின்பொறியைத் தன்னுள்ளே கொண்ட வில்லை மட்டுமே அதில் தானாகக் குவியும். மற்றவற்றைக் கையால் திருப்ப வேண்டும். டி500இல் இந்தக் குறை இல்லை.

மீன்கொத்திப் படம்

டி40இன் பார்வைச் சட்டத்தில் குவியப் புள்ளிகள் மூன்றே உள்ளன. அவையும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பறவை அந்த வரிசையை விட்டு விலகினால் கருவி அதைப் பின்தொடர இயலாது. டி500இல் 153 குவியப் புள்ளிகள் சட்டத்தின் பெரும்பகுதியில் பரவியிருக்கின்றன. தொடர்ந்து எடுக்கும்போது டி40 ஒரு வினாடியில் 2.5 படங்களும் டி500 10 படங்களும் எடுக்கும். பறவை கிளையை விட்டெழும் அரை வினாடியில் பழைய கருவி ஒரு படத்தைத் தருவதற்குள் புதிய கருவி ஐந்து படங்களைத் தந்துவிடும்.

பறவையின் பழக்கத்தைக் கவனித்துக் காத்திருப்பவர் டி40இலும் அந்தக் கணத்தைப் பிடிக்கலாம். ஆனால், பத்து முறை முயன்று ஒருமுறை வெல்வதற்கும், பலமுறை வெல்வதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

பாட்டியின் படம்

மூன்றாவது படத்தின் கதையே வேறு. வெயில் பின்னால் இருந்தால், கருவி அந்தப் பேரொளிக்கு ஏற்ப அளவைக் குறைத்துக்கொள்ளும்; முகம் இருண்டுவிடும். முகத்தின்மீது சிறிது மின்னொளியைப் பாய்ச்சினால் குறை தீரும். டி40இன் தலைப்பகுதியில் அதற்கான விளக்கு பொருத்தப்பட்டே வருகிறது. டி500இல் அது இல்லை. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். மேலும், மின்னொளியுடன் சேர்ந்து இயங்கும் மூடுதிரை வேகம் டி40இல் 500இல் ஒரு பங்கு வினாடி. டி500இலோ 250இல் ஒரு பங்கு. வெயிலில் மின்னொளியைப் பயன்படுத்தும்போது, வேகம் கூடுதலாக இருப்பது நல்லது. இந்த ஒன்றில் பழையது புதியதை வென்றுவிடுகிறது.

மின்னொளியே இல்லாவிட்டாலும், பாட்டியை இரண்டடி நகர்த்தி வாசல் நிழலில் நிற்க வைத்திருந்தால் படம் நன்றாக வந்திருக்கும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

தொடக்கநிலைப் பயனாளருக்கு டி40இல் வேறு வசதிகளும் உள்ளன. மனித முகம், இயற்கைக் காட்சி, விளையாட்டு என்று தேர்ந்தெடுத்தால் கருவியே அளவுகளைக் கணித்துக்கொள்ளும். டி500இல் அத்தகைய தேர்வுகள் இல்லை. அனைத்தும் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய கருவி அது. மின்கலம் இல்லாமல் டி40இன் எடை ஏறத்தாழ 475 கிராம். டி500இன் எடை 760 கிராம். அதே வேளையில், காணொளி எடுக்க விரும்புபவருக்கு டி40 பயன்படாது. அதில் அந்த வசதியே இல்லை. டி500 மிகத் தெளிவான 4கே காணொளியை எடுக்கும்.

அப்பாவுக்கான விடை

மாணவி இவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் விடை தானாகவே விளங்கும். பாட்டியின் படம் அவளால் கெட்டது. காவடிப் படம் வில்லையின் போதாமையால் கெட்டது. மீன்கொத்திப் படம் கருவியால் கெட்டது. மூன்று குறைகளுக்கு மூன்று தீர்வுகள்: ஒன்றுக்குப் பயிற்சி, ஒன்றுக்குச் சிறிய செலவு, ஒன்றுக்கு மட்டுமே பெரிய செலவு.

பறவைகளைப் படமெடுப்பதே அவளுடைய நீண்டநாள் ஆர்வமாக மாறுமானால், புதிய கருவியைக் கேட்பதில் தவறில்லை. அப்போது அவள் கேட்பது ஆசையால் அன்று, காரணத்தால். அதுவரை தாய்மாமா கொடுத்த கருவியால் செய்யக்கூடியவை இன்னும் நிறைய இருக்கின்றன. முதல் வேலையாக, பாட்டியை மீண்டும் வாசல் நிழலுக்கு அழைக்கலாம்.