வயது தடையா, சம்பளம் தடையா?

நம்பிக்கை: இயற்பியலில் முப்பது வயதுக்குள் சாதிக்காவிட்டால் அவ்வளவுதான்.

சிறப்புச் சார்பியலை வெளியிட்ட 1905இல் ஐன்ஸ்டைனுக்கு 26 வயது. இந்தப் பேச்சுக்கு அதுவே போதுமானதாகிவிட்டது. மேக்ஸ் பிளாங்க் குவாண்டம் கருத்தை முன்வைத்தபோது அவருக்கு 42, ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டை வெளியிட்டபோது 38. ஆனால் இவர்கள் இளமையிலேயே முனைவர் பட்டம் வாங்கியவர்கள். தாமதமாகப் படிக்க வருபவருக்கு இவர்களால் பெரிய ஆறுதல் இல்லை. ஜார்ஜ் கிரீன்தான் சரியான உதாரணம். நாட்டிங்ஹாமில் மாவரைக்கும் காற்றாலையைப் பார்த்துக்கொண்டே 1828இல் மின்காந்தவியல் கணிதம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டவர், 1833இல் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தபோது நாற்பதை எட்டியிருந்தார்.

நம்பிக்கை: விட்ட படிப்பை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். 'குவீன்' இசைக்குழுவின் பிரையன் மே முடிக்கவில்லையா?

முடித்தார்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970இல் தொடங்கிய ஆய்வை 2007இல், 60 வயதில் நிறைவுசெய்தார். சூரியனைச் சுற்றும் தூசு சிதறடிக்கும் ஒளியை அளந்து, அந்தத் தூசு எப்படி நகர்கிறது என்று பார்த்த ஆய்வு அது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் அதிகம் பேர் கை வைக்கவில்லை. அதனால் பழைய அளவீடுகளுக்கு மதிப்பு இருந்தது. வேகமாக ஓடும் துறையாக இருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அவருக்கு வீட்டு வாடகைக் கவலையும் இல்லை!

நம்பிக்கை: ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்ட இளம் உடம்பு வேண்டும்.

இன்றைய வானியலாளரின் பெரும்பொழுது கணினி முன்னால்தான் போகிறது. டெஸ் விண்கலம் அளந்த விண்மீன்களின் ஒளி அளவுகளை யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். பத்து வருடம் மென்பொருள் வேலை பார்த்தவருக்கு இங்கே கை ஓங்கியிருக்கும். ஆனால் எம்.எஸ்சி. அளவு மின்காந்தவியலும் குவாண்டம் இயக்கவியலும் தெரிந்தாக வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

நம்பிக்கை: பிஎச்.டி.க்கு வயது ஒரு பொருட்டே இல்லை.

சேர்வதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் நெட் தேர்வு வழியே வரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு இருக்கிறது. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்றான அந்தத் தொகை கிடைக்காதவர், வேலையை விடாமல் பகுதிநேரமாகச் சேரலாம். 2022 யுஜிசி விதிகள் அதை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சேருமுன் வழிகாட்டியிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அவரிடம் பகுதிநேரமாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்?