சிறு டிராக்டர் கிளம்பாதபோது குறையைக் கண்டறியும் முறை

தோட்டக்கால்களிலும், தோப்புகளின் வரிசை இடைவெளிகளிலும், சிறிய வயல்களிலும் உழுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 30 குதிரைசக்தி வரையுள்ள சிறு டிராக்டர்கள் பெரிதும் பயன்பட்டு வருகின்றன. மாட்டு ஏரில் ஒரு மாடு நோயுற்றால் பக்கத்து வீட்டு மாட்டை இரவல் வாங்கிக் காரியத்தை முடிக்கலாம். டிராக்டரோ, கிளம்பவில்லை எனில் வேலை முழுவதும் நின்றுவிடும். மழை பெய்து புழுதி பதமாயிருக்கும் இரண்டு மூன்று நாட்களில் இவ்வாறு நேர்ந்தால், மண்ணின் ஈரம் உலர்ந்து, விதைப்பே தவறிப்போகக்கூடும்.

அத்தகைய சமயத்தில் பதற்றத்தினால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. பாட்டரி தீரும் வரையில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது ஒன்று. குறை இன்னதென்று அறியாமலே புதிய பாட்டரியையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. உண்மையில் பெரும்பாலான குறைகள் சிறியவை; முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால் செலவின்றியே அகப்படுபவை.

முதற் கேள்வி

சோதனையைத் தொடங்குமுன் டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ. என்னும் பின்புறச் சுழல்தண்டின் நெம்புகோலையும் விலக்கிவிட வேண்டும். பின்னர் ஆசனத்தில் அமர்ந்து, கிளச்சை முழுவதும் மிதித்துச் சாவியைத் திருப்பி, காதால் கவனிக்க வேண்டும். கேட்பது மூன்றில் ஒன்றாக இருக்கும். சத்தமே இராது, அல்லது 'டக்' என்னும் ஒலியோடு நின்றுவிடும், அல்லது எஞ்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றாது. இம்மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. ஆதலின், இவற்றுள் எது என்று தெளிந்த பின்னரே ஸ்பானரைக் கையிலெடுப்பது நலம்.

சத்தமே இல்லையெனில்

முகப்பு விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்தாலும், எரியாவிட்டாலும் குறை பாட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ இருக்கலாம். விளக்கு பளிச்சென எரிந்தால் பாட்டரியைக் குற்றஞ் சொல்ல அவசரப்படலாகாது. ஸ்டார்ட்டருக்குச் செல்லும் வழியில் எங்கோ தடை இருக்கிறதென்று கொள்க. பெரும்பாலான டிராக்டர்களில் கிளச் மிதிக்கப்படாமலோ, கியரில் இருந்தாலோ ஸ்டார்ட்டர் இயங்காதபடி காவல் ஸ்விட்ச்சுகள் அமைக்கப்பட்டுள்ளன. சிலவற்றில் பி.டி.ஓ. நெம்புகோலுக்கும் ஆசனத்துக்கும்கூட இவை உண்டு. சேறு படிந்தும், வைக்கோல் சிக்கியும், எலி கம்பியைக் கடித்தும் இவை கெடுவது இயல்பு. இவற்றையும் பியூஸையும் முதலில் சோதித்தல் வேண்டும்.

'டக்' என்னும் ஒலி மட்டும் கேட்டால்

பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். எதிர்முனையை முதலிற் கழற்றி, பின்பு நேர்முனையைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கமாகப் பூட்ட வேண்டும். பூட்டும்போது எதிர்முனை கடைசி. பாட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கும் வாயு வெளிப்படுமாதலால் அதனருகில் பீடி, தீக்குச்சி கூடா.

அடுத்து வோல்ட் மீட்டரால் அளக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுப் பலத்துடன் உள்ளது, 12.0 காட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரி பலவீனமானது. அவ்வாறு இறங்காமலிருந்தும் எஞ்ஜின் சுற்றாவிடில், மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்ஜின் உடலிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் செய்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியின் இணைப்புத் துருப்பிடித்திருக்கிறதென்று அறியலாம். கம்பிகளிலும் குறையில்லையானால் அதன் பிறகே ஸ்டார்ட்டரை ஐயுற வேண்டும்.

எஞ்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ பழுது. புதுப் பாட்டரி வாங்கினாலும் அதுவும் சில நாட்களில் தீர்ந்துபோகும்.

நன்றாகச் சுற்றியும் பற்றாவிடில்

டீசல் எஞ்ஜினில் தீப்பொறி பிளக் இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்று இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இறுக்கப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றுகிறது. ஆகவே டீசல், காற்று, போதிய வேகம் என்னும் மூன்றே இங்கு வேண்டுவன. இவற்றுள் எது குறைகிறதென்பதைப் புகைக்குழாய் சொல்லும்.

புகையே வராவிட்டால் டீசல் சேரவில்லை. நிறுத்தும் குமிழ் இழுத்தபடியே இருக்கிறதா, தொட்டியில் டீசல் உள்ளதா, அதன் குழாய் திறந்துள்ளதா, மூடியின் காற்றுத் துளை அடைபட்டதா, பில்டரில் தண்ணீரோ கசடோ தேங்கியதா என்று வரிசையாகப் பார்க்க. சாவியால் அணைக்கும் மாதிரிகளில் டீசலைத் திறந்துவிடும் மின்வால்வின் பியூஸையும் பார்க்க. தொட்டி ஒரு முறை வற்றியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். பில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரையும் பின் தெளிந்த டீசலும் வரும். நுரை நின்றதும் திருகை இறுக்க வேண்டும்.

வெண்புகை வந்தால் டீசல் சேர்கிறது, ஆனால் எரியவில்லை. ஹீட்டர் பிளக் வேலை செய்யாமை, மெதுவாகச் சுற்றுதல், சிலிண்டரின் அழுத்தம் குறைதல் ஆகியவை காரணங்கள். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்க. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்ஜினில் ஈதர் தெளித்துக் கிளப்புவது ஒருபோதும் கூடாது. அது அகாலத்தில் வெடித்துப் பிஸ்டனை உடைக்கக்கூடும். ஸ்டார்ட்டரையும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், ஒரு நிமிஷமாவது இடைவிட வேண்டும்.

உயிருக்கு அபாயமான பழக்கம்

சாவி பயன்படாதபோது தரையில் நின்றுகொண்டு, ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துக் கிளப்பும் பழக்கம் பல ஊர்களிலும் உண்டு. இதனால் காவல் ஸ்விட்ச்சுகள் அனைத்தும் பயனற்றுப்போகின்றன. டிராக்டர் கியரில் இருந்துவிட்டால், எஞ்ஜின் பற்றிய கணமே வண்டி பாயும். நிற்பவரோ பின்சக்கரத்தின் பாதையில் இருக்கிறார். விலகுவதற்கு அவகாசம் கிடையாது. பல நாடுகளில் உழவர்கள் இவ்வாறே மாண்டிருக்கின்றனர். கெட்ட ஸ்விட்ச்சை நேரிணைப்புச் செய்து ஓட்டுவதும் இதே அபாயத்தை நிலையாக வைத்துக்கொள்வதாகும். அந்த ஸ்விட்ச்சின் விலை சொற்பமே.

மேற்சொன்ன சோதனைகளில் குறை அகப்படாவிட்டால், டீசல் பம்பையும் நாஸிலையும் தாமே பிரிக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே உசிதம். அவரிடம் கேட்ட ஒலி, அளந்த வோல்ட், கண்ட புகை ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் அவருடைய பாதி வேலை முடிந்துவிடும். தேவையற்ற உறுப்பை வாங்க வேண்டியும் நேராது. ஒரு வோல்ட் மீட்டர், சில பியூஸுகள், ஒரு மாற்று பில்டர் ஆகியவற்றை உழவு தொடங்குமுன்னரே வாங்கிக் கொட்டிலில் வைத்திருப்பது ஒவ்வொரு டிராக்டர்காரருக்கும் தக்கது.