மஞ்சள் தடவிய தைரியம்

போர்ட் கிள்ளானில் இறங்கும் சரக்குகளில் இந்தியாவின் உறைந்த எருமை இறைச்சியும் உண்டு. மைனஸ் 18 பாகைக் குளிர் குறையாமல் கடல் கடந்து வரும் அந்த இறைச்சி, நம் வீட்டில் மசாலா பூசிக்கொண்டு அடுப்பு மேடையில் பல மணி நேரம் கிடக்கிறது. மஞ்சள் காப்பாற்றும் என்ற தைரியம்!

நம்பிக்கை: மஞ்சள் தடவினால் வெளியே வைத்தாலும் கெடாது.

உண்மை: மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வகத்தில் பாக்டீரியாவை அடக்குவது மெய்தான். ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. நாம் போடுவதோ ஒரு தேக்கரண்டி. குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, வளரவிடாமல் முடக்குகிறது. உறைந்தது இளகி, 5 பாகையைத் தாண்டியதும் அவை மளமளவென்று பெருகும். நம் ஊர் மதியமோ 30 பாகைக்கு மேல்.

நம்பிக்கை: பூண்டு, கிராம்பு, எலுமிச்சை சேர்ந்தால் எந்தக் கிருமியும் தப்பாது.

உண்மை: பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசினுக்கும் கிராம்பின் யூஜெனாலுக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் இறைச்சியின் கொழுப்பும் புரதமும் அதை மழுங்கடிக்கும். ஈடுகட்ட அளவைக் கூட்டினால் கறியை வாயில் வைக்க முடியாது. எலுமிச்சையின் புளிப்பும் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும்.

நம்பிக்கை: ஆலைகள் சேர்க்கும் இயற்கைப் பதப்படுத்திகள் எல்லாவற்றையும் கொல்லும்.

உண்மை: பாலில் வாழும் ஒருவகை பாக்டீரியா சுரக்கும் நைசினை உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 1969இல் ஏற்றது. லிஸ்டீரியாவை அது நன்றாக அடக்கும். சால்மொனெல்லா, ஈ.கோலை ஆகியவற்றின் வெளிச்சவ்வைத் தனியாக ஊடுருவ அதனால் முடியாது. அதனால்தான் நைசின் சேர்த்த இறைச்சியையும் குளிரில் வைத்தே விற்கிறார்கள். செலரித் தூள் சேர்த்த சாசேஜிலும் வேலை செய்வது நைட்ரைட்தான். செடியிலிருந்து வந்தது என்பதே வேறுபாடு.

நம்பிக்கை: இரவு வெளியே இருந்த கறியைக் காலையில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டையும் தாங்கி, கறி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா சுரந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது.

ஆகவே இறைச்சியைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிடுங்கள். மசாலா தடவியதையும் அங்கேயே ஊறவையுங்கள். கோழியின் உட்பகுதி 74 பாகைச் சூடு காணட்டும். மிஞ்சிய கறி இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போகட்டும். இவற்றைச் செய்தபின் மஞ்சள் தரும் பாதுகாப்பு உபரி லாபம். செய்யாவிட்டால் அது வெறும் நிறம்.